ஸ்டென்ட் வைத்தபின் இரத்தக் கொழுப்பு அறிக்கையைப் படிப்பதும் பயன்படுத்துவதும்

வேலூரில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். மஞ்சள் பையில் பழைய சீட்டுகளையும் ஆஞ்சியோ படத்தின் சிடியையும் போட்டுக்கொண்டு வந்து, இரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் அறிக்கையைக் கையில் வாங்கியதும் "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. காட்பாடியில் ரயிலிறங்கி வந்த வங்காளத்துக்காரர்களும் உண்டு. அவர்களில் இதயக் குழாயின் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்னும் சிறு உலோக வலை வைத்துக்கொண்டவர்களிடம் இரண்டு பேச்சுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஸ்டென்ட்டுதான் வெச்சாச்சே, கொலஸ்ட்ரால் மாத்திரை இனிமே எதுக்கு?" என்பது ஒன்று. "மாத்திரை தவறாமப் போட்டேன், அப்படியும் எட்டு மாசத்துல அதே எடத்துல அடைச்சுக்கிச்சு, மாத்திரையால என்ன பிரயோஜனம்?" என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டு பேச்சும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டு, கொழுப்பு அறிக்கையை எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது, படித்ததை வைத்து என்ன செய்வது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுருக்கம் இரண்டு வகை

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இதயக் குழாய்க்குள் சிறு பலூனைச் செலுத்தி ஊதி, அடைப்பை விரித்தார். அன்று தொடங்கிய சிகிச்சையின் பெரிய குறை சில ஆண்டுகளுக்குள் தெரிந்துபோயிற்று. பலூன் மட்டும் வைத்து விரித்தவர்களில் பத்தில் மூன்று, நான்கு பேருக்கு ஆறு மாதத்திற்குள் அதே இடம் மறுபடியும் சுருங்கியது. பலூன் அழுத்தும்போது குழாயின் உட்சுவர் கிழிகிறது, அந்தக் கிழிசலை உடம்பு ஆற்ற முற்படுகிறது. ஆற்றுகிற வேலையில் சுவரின் நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள் பெருகி உட்பக்கம் நகர்ந்து குழாயின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. தோலில் காயம் ஆறும்போது சிலருக்குத் தழும்பு மேடிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதுதான் குழாய்க்குள்ளும் நடக்கிறது. இதோடு, விரித்த குழாய் ரப்பரைப் போலத் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பவும் பார்க்கும்.

1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதன்முதலாக மனித இதயக் குழாயில் வைக்கப்பட்ட ஸ்டென்ட் என்னும் உலோக வலை, இந்தத் திரும்பிச் சுருங்கும் குணத்தைத் தடுத்தது. ஆனால் செல் பெருக்கத்தை அது தடுக்கவில்லை. மருந்து பூசாத ஸ்டென்ட்டில் பத்தில் இரண்டு, மூன்று பேருக்கு மறுசுருக்கம் வந்துகொண்டேயிருந்தது. செல்கள் பெருகுவதை நிறுத்தும் சிரோலிமஸ் போன்ற மருந்துகளை ஸ்டென்ட்டின் மேல் பூசத் தொடங்கிய பின்னரே முதல் ஆண்டின் மறுசுருக்கம் பத்தில் ஒருவருக்கும் குறைவாக இறங்கியது.

இப்போது கொழுப்புக்கு வருவோம். கொலஸ்ட்ராலைக் குறைத்தால் இந்தத் தழும்புச் சுருக்கமும் குறையும் என்று 1990களில் மருத்துவ உலகம் உண்மையாகவே நம்பியது. 1994இல் வெளியான ஆய்வு ஒன்றில் பலூன் சிகிச்சை பெற்ற 404 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாடின் மாத்திரையும் மறுபகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 42 சதவீதம் இறங்கிற்று. ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது குழாயின் சுருக்கத்தில் வேறுபாடே இல்லை. பின்னர் ஸ்டாடின் எனப்படும் அதே வகையைச் சேர்ந்த வேறொரு மாத்திரையை வைத்து நடந்த ஆய்விலும் மறுசுருக்கம் குறையவில்லை. ஆகவே, எட்டு மாதத்தில் அதே இடம் அடைத்துக்கொண்டது என்று வருந்தியவரின் மாத்திரை தோற்றுவிடவில்லை. அது செய்ய முடியாத வேலையை அதனிடம் எதிர்பார்த்தோம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் மாத்திரை எதற்கு? 2002இல் வெளியான லிப்ஸ் ஆய்வு இதற்கு விடை சொன்னது. முதன்முறை குழாய் விரிப்புச் சிகிச்சை பெற்ற 1,677 பேரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஃபுளுவாஸ்டாடின் எடுத்தவர்களில் 21.4 சதவீதத்தினருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 26.7 சதவீதத்தினருக்கும் இதய நோயால் மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. இந்த இரு பிரிவினருக்குள் வேறுபாடு தெரியத் தொடங்கியது முதல் ஆறு மாதத்தில் அன்று, அதற்கும் வெகு நாள் கழித்துத்தான். ஏனெனில் காலம் செல்லச் செல்ல இரண்டாம் வகைச் சுருக்கம் தலைகாட்டுகிறது. ஸ்டென்ட்டின் உட்புறம் புதிதாக வளர்ந்த அந்தத் திசுவுக்குள்ளேயே எல்.டி.எல். துகள்கள் புகுந்து தங்கி, ஆதியில் அடைப்பை உண்டாக்கிய அதே கொழுப்புப் படிவத்தை மீண்டும் உண்டாக்குகின்றன. மருந்து பூசாத ஸ்டென்ட்டில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மருந்து பூசிய ஸ்டென்ட்டில், உட்சுவரின் மெல்லிய தோல் சரியாக மூடாததால், இன்னும் சீக்கிரமே வந்துவிடுகிறது. முதல் ஆண்டுக்குப் பிறகு எந்த வகை ஸ்டென்ட்டானாலும் அதைச் சார்ந்த சிக்கல் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் என்ற கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது.

ஸ்டென்ட் வைக்காத இடங்களையும் மறந்துவிடக் கூடாது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 697 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. புதிதாக வந்த தொல்லைகளில் ஏறக்குறையப் பாதி, சிகிச்சை செய்த இடத்தில் வந்தவை; மறுபாதி, முதல் ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரியாமல் விடப்பட்ட வேறு இடங்களில் வந்தவை. ஸ்டென்ட் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தைத் திறந்து வைத்திருக்கிறது. மீதியுள்ள குழாய் முழுவதையும் காக்கும் பொறுப்பு எல்.டி.எல். அளவிடம்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் எழுதவேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்றை இதற்கென்றே வாங்கிவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து சில விவரங்களை அதன் முதல் பக்கத்தில் எழுதி வைக்கவேண்டும்: சிகிச்சை நடந்த தேதி, எந்தக் குழாய், எத்தனை ஸ்டென்ட், ஒவ்வொன்றின் விட்டமும் நீளமும் எத்தனை மில்லிமீட்டர், மருந்து பூசியதா இல்லையா, மாரடைப்பு வந்து வைத்ததா அல்லது நடந்தால் மட்டும் வலி வந்ததால் வைத்ததா. விட்டம் குறைந்த குழாய், நீளமான ஸ்டென்ட், கிளை பிரியும் இடம், சர்க்கரை நோய் ஆகியவை முதல் வகைச் சுருக்கத்துக்கு வாய்ப்பைக் கூட்டுபவை. பின்னாளில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான எண் ஒன்று உண்டு. அதைத்தான் பெரும்பாலானவர்கள் தொலைத்துவிடுகிறார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்குவதற்கு முன் உங்கள் எல்.டி.எல். எவ்வளவு இருந்தது என்பதே அது. பழைய அறிக்கை, முகாமில் எடுத்த அறிக்கை, காப்பீட்டுக்காக எடுத்த அறிக்கை என எங்கே கிடைத்தாலும் தேடி எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். மாத்திரை எத்தனை சதவீதம் வேலை செய்திருக்கிறது என்று கணக்கிட இந்த எண் இல்லாமல் வழியில்லை.

எப்போது இரத்தம் கொடுப்பது

மாரடைப்பு வந்தபின் ஒரு நாளுக்கு மேல் கழித்து எடுக்கும் எல்.டி.எல். உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அந்த இறக்கம் சில வாரங்கள் நீடிக்கும். ஆகவே, மருத்துவமனையில் மூன்றாம் நாள் எடுத்த அறிக்கையைப் பார்த்து "எனக்குக் கொழுப்பே இல்லை" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மாத்திரை தொடங்கியோ அளவை மாற்றியோ நான்கு முதல் ஆறு வாரத்திற்குள் ஒரு முறை எடுக்கவேண்டும்; அதற்குள் மாத்திரையின் முழு வேலையும் தெரிந்துவிடும். இலக்கை அடையும்வரை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இப்படியே எடுத்து, அடைந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ எடுத்தால் போதும்.

வெறும் வயிற்றில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. விடியற்காலை முதல் பேருந்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பி, ஆய்வுக்கூட வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட சர்க்கரை நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொழுப்புப் பரிசோதனைக்காக மட்டும் அந்தத் துன்பம் வேண்டியதில்லை. டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு வகை இரத்தக் கொழுப்பு 400ஐத் தாண்டி வந்தால் மட்டும் மறுபடி ஒருநாள் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். இயன்றவரை ஒரே கூடத்தில் எடுங்கள். கடுங்காய்ச்சல் வந்து தேறிய வாரத்தில் எடுக்காதீர்கள்.

லிப்போபுரோட்டீன் (ஏ) என்னும் கொழுப்புத் துகளை அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அந்தத் துகளின் அளவு பரம்பரையாக வருவது. உணவாலும் நடையாலும் அசையாது, ஸ்டாடின் மாத்திரையும் இதைக் குறைப்பதில்லை. நம் நாட்டவர்களில் இது கூடுதலாக உள்ளவர்கள் கணிசம். வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும் என்பதால், ஸ்டென்ட் வைத்தவர் ஒவ்வொருவரும் எடுத்துவிடவேண்டும் என்பதே என் கருத்து. 50 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் எல்.டி.எல். விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று பொருள். பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அறிக்கையைப் படிக்கும் முறை

மொத்தக் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்., எல்.டி.எல்., வி.எல்.டி.எல்., சில விகிதங்கள் என்று ஏழெட்டு வரிகள் இருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியவை இரண்டே இரண்டு: எல்.டி.எல்., பிறகு மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து வரும் எண். இரண்டாவதை எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் என்பார்கள். அறிக்கையில் அச்சிடாவிட்டால் நீங்களே கழித்துக்கொள்ளலாம்.

இது ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மொத்தக் கொலஸ்ட்ரால் 168, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 210 என்று ஓர் அறிக்கை சொல்கிறது. பல கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, 1972 முதல் வழக்கிலுள்ள ஃபிரீட்வால்டு சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடப்படுகிறது. 168இல் 38 போக 130. அதில் 42 போக 88. டிரைகிளிசரைடு ஏற ஏறவும், எல்.டி.எல். இறங்க இறங்கவும் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். ஸ்டென்ட் வைத்தவர்களில் பலருக்குச் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் டிரைகிளிசரைடு ஏறியே இருக்கும். எச்.டி.எல். அல்லாத 130 என்ற எண்ணிலோ அந்தப் பிழை இல்லை. குழாய்ச் சுவருக்குள் புகக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதற்குள் அடக்கம். அறிக்கையின் அடியில் "நேரடி முறை" என்றோ "கணக்கிடப்பட்டது" என்றோ குறித்திருப்பார்கள். இல்லையென்றால் கேளுங்கள், சொல்லவேண்டியது கூடத்தின் கடமை.

இப்போது என் மனத்தை இன்னமும் அறுக்கும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அறிக்கையின் வலப்பக்கத்தில் "இயல்பு அளவு" என்று ஒரு பத்தி அச்சாகியிருக்கும். எல்.டி.எல்.லுக்கு நேராக 100க்குள் அல்லது 130க்குள் என்று இருக்கும். அது இதய நோய் வராத பொதுமக்களுக்கான அளவு. என் சொந்த அண்ணன், ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆனபின், 96 என்று வந்த அறிக்கையைப் பார்த்து, "இயல்புக்குள்ளதானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த அறிக்கை நான் வேலை பார்த்த கூடத்தில் அச்சானது. என் கையால்தான் கொடுத்தேன். அந்தப் பத்தி அவருக்கு உரியதன்று என்று அன்று நான் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தங்கள் இலக்கை எழுதிக்கொள்ளவேண்டும்.

அந்த இலக்கு 55. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கின்றன. பழைய அளவில் பாதியாவது குறைந்திருக்கவும் வேண்டும். எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் 85க்குக் கீழே வரவேண்டும். இரண்டு ஆண்டுக்குள் இரண்டாம் முறை மாரடைப்பு போன்ற தாக்குதல் வந்தவர்களுக்கு 40 வரை இறக்குவதையும் மருத்துவர்கள் கருதுவார்கள். இதே உடம்பில் இந்த வாரமும் அடுத்த வாரமும் எடுத்தாலே ஐந்து முதல் பத்து சதவீதம் ஏற இறங்க வரும் என்பதால், 52 அடுத்த முறை 56 ஆனதற்குக் கலங்கவேண்டாம். 52 என்பது 80 ஆனால் மாத்திரை விட்டுப்போன நாள்களை எண்ணிப் பாருங்கள்.

படி ஏறும் கணக்கு

மாத்திரை தொடங்குமுன் எல்.டி.எல். 142 இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அட்டோர்வாஸ்டாடின் 40 அல்லது 80, ரோசுவாஸ்டாடின் 20 அல்லது 40 என்ற வீரியமான அளவு, எல்.டி.எல்.லை ஏறத்தாழப் பாதியாக்கும். 142 ஆனது 71க்கு வரும். இங்கே பலரும் "மாத்திரையை இரட்டிப்பாக்கினால் இன்னும் பாதியாகுமே" என்று நினைக்கிறார்கள், ஆகாது. ஸ்டாடின் அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது ஆறு சதவீதம் மட்டுமே. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 மில்லிகிராமைச் சேர்த்தால் இருக்கும் அளவில் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 71 ஏறக்குறைய 57 ஆகும். இன்னும் இரண்டு எண் மிச்சம். அதை உணவுக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளலாம். தொடக்க அளவு 200, 220 என்று இருந்தவர்களுக்கு இவ்விரண்டு மாத்திரையாலும் இலக்கை எட்ட முடியாது. பெம்பெடோயிக் அமிலம் என்னும் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் எவோலோகுமாப் போன்ற ஊசிகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்க்லிசிரான் ஊசி என்று மேற்படிகள் இருக்கின்றன. ஊசிகளுக்குச் செலவு அதிகம். அதனால், முதலிரண்டு படிகளையும் ஒழுங்காக ஏறிவிட்டோமா என்று பார்த்த பிறகே அவற்றைப் பற்றிப் பேசுவது முறை.

நேரத்தைப் பற்றிய கேள்வி அடிக்கடி வரும். அட்டோர்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் நாளின் எந்த நேரத்திலும் போடலாம். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நோன்பு வைப்பவர்கள் நோன்பு திறந்தபின் போட்டுக்கொண்டால் போதும், ஒருநாளும் விடவேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகை விரதத்துக்கும் இதுவே பொருந்தும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க நாளுக்கு இரு வேளை போடும் டிகாக்ரெலார் எடுப்பவர்கள், நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு நேரத்தை வகுத்துக்கொள்ளவேண்டும். அந்த மாத்திரையை, ஆஸ்பிரினை, குளோபிடோகிரெலைப் பல் பிடுங்குவதற்காகக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வருவது மெல்லச் சுருங்கும் தொல்லை அன்று, ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று இரத்தம் உறைந்து குழாயே மூடிக்கொள்ளும் ஆபத்து.

உடம்பு வலிக்கிறது என்றால்

ஸ்டாடினை விட்டவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் தசைவலி. அந்த வலி பொய்யன்று, ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் மாத்திரை அன்று. லண்டனில், ஸ்டாடினைத் தாங்க முடியாமல் விட்டுவிட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எந்த மாத்திரையும் இல்லை என்று, விழுங்குவது எந்த மாத்திரை என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நூறுக்கு இத்தனை என்று அவர்களே போட்ட தொல்லை மதிப்பெண், மாத்திரை இல்லாத மாதத்தில் 8, வெறும் மாத்திரை மாதத்தில் 15.4, ஸ்டாடின் மாதத்தில் 16.3. அதாவது தொல்லையின் பெரும்பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற அச்சத்திலேயே இருந்தது.

ஆகவே வலி வந்தால் செய்யவேண்டிய வரிசை இது: மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி, தசை சிதைகிறதா என்று காட்டும் சி.கே. என்ற பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனையையும் எடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் தசையும் வலிக்கும், எல்.டி.எல்.லும் ஏறும்; அதைச் சரி செய்தால் இரண்டும் ஒருங்கே இறங்குவதை நான் பல அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். சி.கே. பெரிதாக ஏறவில்லையென்றால் வேறு ஸ்டாடினோ குறைந்த அளவோ கொடுத்து, எசெடிமைப் சேர்த்துப் பார்ப்பார்கள். கடுமையான வலியோடு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அது மிக அரிது. அட்டோர்வாஸ்டாடின் எடுப்பவர்கள் பம்ப்ளிமாஸ் பழத்தைத் தவிர்ப்பதும், சளிக்கோ காளான் தொற்றுக்கோ மருந்து எழுதுபவரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்வதும் அவசியம். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல் போன்றவை ஸ்டாடினை உடம்பில் தேங்க வைத்துவிடும்.

அடுப்படியில்

உணவால் எல்.டி.எல்.லைப் பாதியாக்க முடியாது. நன்றாகக் கட்டுப்படுத்தினால் பத்து, பதினைந்து சதவீதம் இறங்கும். அந்தப் பதினைந்து சதவீதம்தான் 62ஐ 53 ஆக்குகிறது என்பதால் அதை அலட்சியப்படுத்தவும் கூடாது. எல்.டி.எல்.லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலில் அது ஏறக்குறையப் பாதி. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். கடலையெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் சீமையில் இருந்துகொண்டு பாமாயிலில் வதக்கவேண்டிய தலையெழுத்து இதய நோயாளிக்கு இல்லை. வீட்டுக்கே மாற்ற இயலாவிட்டாலும் அவருக்கு மட்டுமாவது தனியே தாளித்துவிடலாம். எந்த எண்ணெயானாலும் ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காய் நல்ல காய்தான்; ஆனால் கத்தரிக்காய் எண்ணெயை உறிஞ்சுவதுபோல் வேறு காய் உறிஞ்சாது, ஆகையால் சுட்டோ வேகவைத்தோ கடைந்து சாப்பிடுவது மேல்.

பிரியாணியைப் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போனதில்லை. மாதத்தில் ஒரு நாள், அரைத் தட்டு, கொழுப்பு நீக்கிய துண்டு என்றால் நான் தடை சொல்லமாட்டேன். ஆற்காட்டு மக்கன் பேடாவுக்கு அந்த இடத்தையும் கொடுக்க மனம் வரவில்லை. எண்ணெயும் பாகும் ஒன்றாகச் சேர்ந்த பண்டம் அது, எல்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடையும் சேர்த்தே ஏற்றும். டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் எண்ணெயை மட்டும் குறைத்துப் பயனில்லை. வெள்ளைச் சோறு, பரோட்டா, சர்க்கரை போட்ட தேநீர், மது ஆகியவையே அதன் ஊற்றுகள். கேழ்வரகுக் களி நல்லது என்று இரண்டு உருண்டை வைத்துக்கொள்பவர்கள், அதுவும் மாவுதான் என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஓர் உருண்டை களிக்கு இரண்டு கரண்டி கீரையோ கொள்ளுக் கடையலோ என்பது சரியான அளவு. வெந்தயமும் பூண்டும் சமையலில் இருக்கட்டும், மாத்திரையின் இடத்தை அவற்றுக்குக் கொடுக்கவேண்டாம்.

சர்க்கரையும் புகையிலையும் இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே இருந்தாலும் ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. முதல் வகைச் சுருக்கத்துக்குக் கொழுப்பைவிடப் பெரிய காரணம் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரி அளவை 7 சதவீதத்துக்கு அருகில் வைக்கவேண்டும். பீடியை முற்றாக விடவேண்டும்.

வலி திரும்பினால்

தழும்புச் சுருக்கம் பெரும்பாலும் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் தெரியவரும். முன்பு கோட்டையைச் சுற்றி நிற்காமல் நடந்தவர், இப்போது பாதிச் சுற்றில் மார்பு இறுகி நின்றுவிடுகிறார். நின்றால் வலி தணிகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலிக்குப் பதில் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். எத்தனை அடி நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடத்தில் தணிகிறது என்று நோட்டில் எழுதி, அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். மாறாக, சும்மா இருக்கும்போதே வந்து தணியாத வலி, வியர்வை, மயக்கம் என்றால் நோட்டும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். தொலைவான ஊர்களில் இருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்கவேண்டும்: 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் வேளையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

வலி எதுவும் இல்லாதவர்கள், உள்ளே எப்படியிருக்கிறதோ என்ற கவலைக்காக ஆண்டுதோறும் ஆஞ்சியோ எடுக்கத் தேவையில்லை. வலி வந்து, மறுபடி எடுத்த ஆஞ்சியோவில் ஸ்டென்ட்டுக்குள் பாதிக்கு மேல் சுருக்கம் தெரிந்தால், "ஏன் சுருங்கியது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழாய்க்குள்ளேயே சிறு கருவியைச் செலுத்திப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. அல்லது ஐவஸ் முறையில் பார்த்தால், முதலிலேயே ஸ்டென்ட் முழுதாக விரியாமல் நின்றுவிட்டதா, தழும்புத் திசு வளர்ந்திருக்கிறதா, புதிய கொழுப்புப் படிந்திருக்கிறதா என்பது தெரியும். முதலாவது என்றால் அழுத்தமான பலூனால் விரிக்கவேண்டும். மற்றவற்றுக்கு மருந்து தடவிய பலூனோ இன்னொரு ஸ்டென்ட்டோ வைப்பார்கள், பல இடங்களில் என்றால் பைபாஸ் பற்றிப் பேசுவார்கள். அப்போது உங்கள் நோட்டை மேசைமேல் வையுங்கள். எட்டாம் மாதத்தில் வந்த சுருக்கமும், எல்.டி.எல். எப்போதும் 50ஐச் சுற்றியே இருந்த பதிவும் ஒரு செய்தியைச் சொல்லும். ஏழாம் ஆண்டில் வந்த சுருக்கமும், நடுவில் மூன்றாண்டு காலியாகக் கிடக்கும் பக்கங்களும் வேறொரு செய்தியைச் சொல்லும்.

என் அண்ணனின் நோட்டு இரண்டாம் வகை. ஓ.சி.டி. படத்தில் ஸ்டென்ட்டின் கம்பிகளுக்கு உட்புறமாகப் புதுக் கொழுப்புப் படிந்திருப்பதை மருத்துவர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். அவருக்கு மருந்து தடவிய பலூன் வைத்தார்கள். மாத்திரை இரண்டாக மறுபடி தொடங்கியது. வீட்டுக்கு வந்த அன்று நோட்டின் முதல் பக்கத்தில் புதிய தேதியை எழுதி, அதற்குக் கீழே ஐந்து வாரம் தள்ளி இரத்தம் கொடுக்கவேண்டிய நாளையும், அதற்குப் பக்கத்தில் 55 என்ற எண்ணையும் நானே எழுதிக் கொடுத்தேன்.